பின்வாசல் கொண்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் பத்து நாள் பாடம் வேப்பமரத்தடியில்தான் நடந்தது. கட்டிடம் இருந்தது, கரும்பலகை இருந்தது, உள்ளே வெள்ளையடித்துப் பாயும் விரித்து வைத்திருந்தார்கள். உள்ளே வரவே மாட்டேன் என்று நான் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து அழுதேன். என்னைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அழ ஆரம்பிக்க, சிஸ்டர்மார் இரண்டு பேரும் வேறு வழி தெரியாமல் கரும்பலகையை வெளியே தூக்கி வந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அழுது காரியம் சாதிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் காலனியில் ஆள் கிடையாது.

சிவகாசிக்கு ஓரத்தில், நகராட்சி குப்பை கொட்டுகிற இடத்தைத் தாண்டி இருந்தது எங்கள் காலனி. அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்து, தீப்பெட்டிப் பண்டல் அடுக்கி வைத்த, பூட்டிக் கிடந்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தார்கள். பெரிய சிஸ்டருக்குக் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை. யாரைப் பார்த்தாலும் ‘மக்கா’ என்பார். சின்ன சிஸ்டர் திண்டுக்கல்காரர், அதிகம் பேசமாட்டார். வீடு வீடாக ஏறி, ‘படிப்பை நிறுத்தின பிள்ளைகள் இருக்கா?’ என்று கேட்டார்கள். எங்கள் காலனியில் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு வீட்டையும் தாண்ட முடியாது. அச்சாபீசில் பேப்பர் அடுக்கப் போகிற பையன்கள், வீட்டில் வெடிக்குக் குழாய் உருட்டுகிற பெண்கள், ஒன்பதாவதில் இரண்டு தடவை ஃபெயிலாகி வெளியே தலைகாட்டாதவன் என்று ஒரு கூட்டமே சேர்ந்தது. நான் மூன்றாம் வகுப்பில் டைபாய்டு வந்து படுத்தவள். காய்ச்சல் போன பிறகு பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

அங்கே யூனிபார்ம் கிடையாது, பீஸ் கிடையாது, வயசுக் கணக்குக் கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலை வகுப்பு, எங்களைப் போன்றவர்களுக்கு அதற்குப் பிறகு. ஆளுக்கொரு நேரத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தை ஊர் எங்கே பார்த்திருக்கிறது? ஃபெயில் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எச்சரிக்கையே விடுத்தார்.

“இவுக சும்மா வருவாகளாக்கா? மொதல்ல பாடம்பாக. அப்புறம் கழுத்துல சிலுவையக் கட்டி விட்டுருவாக, பாத்துக்கோ.”

“கட்டுனா அவுத்துப் போட்டுட்டு வந்துருவோம்லே,” என்றாள் அம்மா. “புள்ள நாலு எழுத்துப் படிக்கட்டும்.”

சும்மா சொல்லக் கூடாது, அங்கே இருந்த ஏழெட்டு மாசத்தில் சிஸ்டர் எனக்குக் கட்டிவிட்டது பாவாடை நாடா ஒன்றைத்தான்.

நான் உள்ளே வர மறுத்ததற்குக் காரணம் பிடிவாதம் என்றே சிஸ்டர்மார் நினைத்தார்கள். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தாள். கம்பெனிச் சட்டமெல்லாம் எங்களுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டவை. ரூமுக்கு ஒரு வாசல் போதாது. எந்த வாசலுக்கும் தாழ்ப்பாள் ஆகாது. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். செருப்பு, தலையூசி என்று உரசிப் பொறி கிளப்புகிற எதுவும் உள்ளே ஆகாது. ‘ஒத்த வாசல் ரூமுக்குள்ள போய் உக்காராத’ என்று கல்யாண வீட்டில்கூட அம்மா காதைத் திருகிச் சொல்வாள். தீப்பெட்டிக் கிட்டங்கிக்கு ஒரே ஒரு வாசல். நான் எப்படி உள்ளே போவேன்?

நான்காம் நாள் அக்கா என்னைக் கூப்பிட வந்தாள். அக்காவுக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு நின்று, அம்மா வேலை பார்த்த கம்பெனியிலேயே சரவெடி பின்னப் போனவள். வயசைக் கூட்டிச் சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள், அங்கே அதையெல்லாம் யாரும் தோண்டிக் கேட்பதில்லை. அவள் கிட்டங்கி வாசலில் செருப்பைக் கழற்றினாள். தலையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். பெரிய சிஸ்டரிடம் நீட்டினாள்.

“இது என்னத்துக்கு மக்கா?”

“கேட்டுல குடுத்துட்டுத்தான சிஸ்டர் உள்ள போகணும்?”

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஊசிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அக்காவை மரத்தடியில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வாரம் பின்பக்கச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்தார்கள். முன்வாசல் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். பின்வாசலுக்கு மட்டும் தச்சர் தன் பழக்கத்தில் ஒரு கொண்டி அடித்துவிட்டார். ராத்திரி நாய் வந்து படுக்காமல் இருக்கட்டும் என்று அதை விட்டுவைத்தார்கள். நான் வெற்றி பெற்ற மிதப்பில் உள்ளே போய் முதல் பாயில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அக்காவைப் பிடித்த சிஸ்டர் பிறகு விடவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். பிள்ளைக்கு மூளை இருக்கு, ஒரு வருஷம் விட்டால் நேரடியாகப் பத்தாவது எழுத வைக்கிறேன் என்பார். அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. பெரிய ஆசை ஒன்றுமில்லை. பத்தாவது முடித்து, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களே, பெயர் என்ன, வயசு என்ன என்று கேட்டுக் கேட்டு, அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பாள். ஒரு விரல்கூட மருந்தில் படாமல் சம்பாதிக்கலாம் அல்லவா? அப்பா லாரியில் வடக்கே லோடு ஏற்றிப் போய்விட்டால் திரும்ப மாசக்கணக்கு ஆகும். முடிவெல்லாம் அம்மாதான் எடுத்தாக வேண்டும். ஐந்தாறு தடவை முடியாது என்றவள் கடைசியில் இறங்கி வந்தாள்.

“ஒரே வருசந்தான் சிஸ்டர். சீசன் நேரத்துல கைவேகமான புள்ளய நிப்பாட்டுறேன். நீங்க நல்லாச் சொல்லிக் குடுக்கணும்.”

“உங்க பிள்ளைக்கு நான் பொறுப்பு,” என்றார் சிஸ்டர்.

அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சிஸ்டர் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் ஒருத்தரும் ஓடப்பிடாது, வேடிக்கை பார்க்கப் போகிறவர்களைத்தான் ரெண்டாவது வெடி கொண்டுபோகும், கேட்டியளா என்பார். எங்களுக்கு அது பெரிய தமாஷ். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் ஒரே வழக்கம்தான். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே ஓடுவார்கள், வெளியே இருக்கிறவர்கள் உள்ளே ஓடுவார்கள். யார் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் என்று எல்லோருக்கும் தெரியும். புகை எந்தத் திசையில் எழும்புகிறதோ அந்தத் திசைக்குச் சொந்தக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடுவார்கள். ஓடாமல் நின்றவளை அப்புறம் ஊர் மனுஷியாக மதிக்காது. கடற்கரையிலிருந்து வந்தவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொண்டோம்.

ஆவணி மாசம். தீபாவளி ஆர்டர் நெருக்கித் தள்ளுகிற நேரம். சின்ன சிஸ்டர் அக்காவுடையதும் சேர்த்துப் பரீட்சைக்கான காகிதங்களை எடுத்துக்கொண்டு விருதுநகர் போயிருந்தார். கிட்டங்கிக்குள் அக்காவையும் சேர்த்து நாங்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் எங்கள் ஊரில் தினமும் கேட்கும், அதற்கெல்லாம் தலையைக்கூடத் தூக்க மாட்டோம். இது அப்படியில்லை, தரை வழியாக வந்து காலில் ஏறிய சத்தம். ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. வெளியே யாரோ, ஆமத்தூர் ரோட்டுப் பக்கம், ஆமத்தூர் ரோட்டுப் பக்கம் என்று கத்தினார்கள். அம்மா வேலை பார்த்த கம்பெனி அங்கேதான் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாமார் அங்கேதான் இருந்தார்கள்.

சிஸ்டர் முதலில் பின்வாசலுக்கு ஓடிக் கொண்டியை மாட்டினார். பக்கத்தில் நின்ற என்னைப் பிடித்து அங்கேயே நிறுத்தி, “இங்க நில்லு மக்கா, யாராவது வந்தா சத்தம் போடு,” என்றார். முன்வாசலுக்குத்தான் தாழ்ப்பாள் இல்லையே. ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, வெளியே தள்ளவிடாமல் இரண்டு கதவின் கைப்பிடியிலும் கையைப் பின்னால் நுழைத்து இறுக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து நின்றார். பின்வாசலை நினைக்காமல் பிள்ளைகள் முன்கதவிலேயே போய் மோதினார்கள். பெரிய பையன்கள் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். சொல்லக் கூடாத வசவெல்லாம் சொன்னார்கள். ஒரு பெண் அவர் மணிக்கட்டைக் கடித்தே விட்டாள். சிஸ்டர் கையை எடுக்கவில்லை.

அக்கா அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“ஏத்தா, அந்தக் கொண்டியத் தூக்கு. அம்மா அங்கன இருக்கு.”

அவளே தூக்கியிருக்கலாம். ஆனால் சிஸ்டர் என்னை அங்கே நிறுத்தியதை அவள் பார்த்தாள். சின்னப் பிள்ளையானாலும் காவலுக்கு நிற்கிறவளிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படிப்பட்டவள் அக்கா. நான் சத்தம் போடவில்லை. கொண்டியைத் தூக்கிவிட்டேன். நானும் வாரேன் என்று அவள் தாவணியைப் பிடித்தேன். “நீ இரு, நான் அம்மாவக் கூட்டிட்டு வந்துருதேன்,” என்று என் கையை உதறிவிட்டு ஓடினாள். வேறு யாரும் போய்விடக் கூடாது என்று நான் கதவை இழுத்துக் கொண்டியைத் திரும்ப மாட்டினேன். அவ்வளவு கவனமாகச் செய்தேன். திரும்பினால் சிஸ்டர் அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கதவை விட்டு அவரால் வர முடியவில்லை. வந்திருந்தால் இருபது பேரும் வெளியே போயிருப்போம்.

கொஞ்ச நேரத்தில் முன்கதவை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள். அம்மாவின் குரல். முதல் சத்தத்திலேயே ரூமை விட்டுக் குதித்து, ரோட்டு வழியாக வராமல் சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகுந்து வந்திருக்கிறாள். கால் முழுக்க முள். முகத்தில் அலுமினியப் பொடி அப்பிப் பளபளவென்று இருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. என்னைத் தடவிப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள்.

“மூத்தவ எங்கடி?”

சிஸ்டர்தான் சொன்னார். “பின்வாசல் வழியா உங்களைத் தேடிப் போயிருக்கா.”

அம்மா, “ஐயோ, நான் காட்டுவழி வந்துட்டேனே,” என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, இரண்டாவது சத்தம் கேட்டது.

மாமாதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நம்ம புள்ளதான் என்று வந்து சொன்னார். எதை வைத்து அடையாளம் கண்டார் என்று அவரிடம் யாரும் இன்றுவரை கேட்டதில்லை. அம்மாவைப் பார்க்க விடவில்லை. முதல் வெடியில் செத்தவர்களைவிட, ஓடிப் போய்ப் பார்த்துச் செத்தவர்கள் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். அதைவிடக் கொடுமை, அக்கா வேலைக்குப் போன காலத்தில் உட்கார்ந்து சரம் பின்னிய ஷெட்டில் ஓர் ஓடுகூட விழவில்லை. அவளோடு பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வேலியைத் தாண்டித் தப்பித்து, எங்கள் வீட்டு வாசலில் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அவள் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு அம்மா எழுந்து நடந்தாள். மாமாவும் காலனி ஜனமும் பின்னால் வந்தார்கள். அப்பா அப்போதும் வந்து சேரவில்லை. பெரிய சிஸ்டர் கிட்டங்கி முன்னால், மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு நின்றார். நாங்கள் வருவோம் என்று எதிர்பார்த்தவர் மாதிரிதான் இருந்தது. மாமாதான் ஆரம்பித்தார்.

“அம்புட்டுப் புள்ளையளையும் பூட்டி வச்சீகள்ல? எங்க புள்ள மட்டும் எப்படி வெளிய போச்சு? தொறந்து விட்டது யாரு?”

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்தேன். மூன்று நாளாக நான் ஒரு வாய்ச் சோறு சாப்பிடவில்லை. இப்போது சிஸ்டர் சொல்லிவிடுவார், எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், அம்மா பார்ப்பாள்.

“நான்தான் திறந்து விட்டேன்,” என்றார் சிஸ்டர். “அழுதா. பொறுக்கல. விட்டுட்டேன்.” அன்றைய தள்ளுமுள்ளில் யார் எப்போது எங்கே நின்றார்கள் என்று மற்ற பிள்ளைகளுக்கும் தெளிவில்லை.

அம்மா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் தலையில் போட்டாள். “பொறுப்புன்னியே, பாவி! கம்பெனிக்கு அனுப்பியிருந்தா எம்புள்ள உசுரோட இருந்திருப்பாளே! நீயும் ஒம் பள்ளிக்கொடமும் வெளங்குவீகளா!” என்று இன்னொரு கை வாரினாள். சிஸ்டர் முக்காட்டிலும் கண் இமையிலும் மண். அவர் துடைக்கவில்லை. ஜனம் கத்தித் தீர்த்துக் கலைகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

நான் மட்டும் பின்தங்கினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவரே இப்படிச் சொன்னால்? சிஸ்டர் குழாயடியில் குந்தி முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், “சிஸ்டர், நான்தான கொண்டியத் தூக்குனேன்?” என்று கேட்டேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பிறகு ஈரக்கையால் என் இரண்டு தோளையும் பிடித்தார்.

“இல்ல மக்கா. நீ பக்கத்துல நின்ன, அம்புட்டுத்தான். அது எம்புட்டு உசரத்துல இருக்கு! உனக்கு எட்டாது. நான் வந்துதான் திறந்தேன். பயத்துல உனக்கு அப்படித் தோணுது, கேட்டியா?”

அம்புட்டு, எம்புட்டு என்று எங்கள் ஊர்ப் பேச்சை அவர் பேசியது அன்றைக்குத்தான். திரும்பத் திரும்பச் சொன்னார். என்னையும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். எட்டாது என்று சொன்னேன்.

அதோடு என் படிப்பு அங்கே முடிந்தது. அம்மா அந்தத் தெருப்பக்கமே போகவிடவில்லை. மற்ற வீடுகளிலும் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாசம் பெரிய சிஸ்டரை எங்கோ வடக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். சின்ன சிஸ்டர் வேறு இடம் பார்த்து, ஐந்து பிள்ளைகளோடு மறுபடி ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கழித்து, அப்பா அம்மாவிடம் சண்டை போட்டு என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்கு ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் டிசைன் செய்கிறேன் என்றால் அந்தப் படிப்புதான். எனக்கு எட்டாது என்பதை நான் முழுசாக நம்பித்தான் வளர்ந்தேன். கனவில்கூடக் கொண்டி என் தலைக்கு மேலே உசரத்தில்தான் இருக்கும்.

போன வருஷம் எங்கள் முதலாளி காலண்டர் அடுக்கி வைக்க இடம் பார்க்கச் சொல்லி என்னையும் அழைத்துப்போனார். போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது, அதே கிட்டங்கி. பின்வாசலில் அதே கதவு, துருப்பிடித்த அதே கொண்டி. அது என் இடுப்புக்குக் கீழே இருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது நெஞ்சுக்கு நேரே இருந்திருக்கும். முதலாளி இடம் நல்லாருக்கா என்று கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? தலைவலி என்று சொல்லி வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். சிஸ்டர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அக்கா நினைப்பு வருகிற நாளிலெல்லாம் அம்மா அந்தச் சிஸ்டரைச் சபிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

அன்றைக்குக் குழாயடியிலிருந்து திரும்பியபோது எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? பெரியவர்களுக்கு எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கும், எனக்குத்தான் தப்பாகத் தோன்றியிருக்கிறது, நல்லவேளை, யாரிடமும் உளறவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு இருந்தது. மூன்று நாள் பசி. ஒரு தட்டுச் சாப்பிட்டேன், போதவில்லை, இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் அக்காவின் பாடப் புத்தகங்கள் கிடக்க, சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.